பதினாறு வயதோடு முடிகிற அட்டை

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்றைக்கு எங்கள் துணை சுகாதார நிலையத்தில் எழுதுகிற பதிவேட்டில் முதலில் வருபவள் கருவுற்ற பெண். அடுத்து அவள் குழந்தை. பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைக்கான முதல் ஊசி; ஆறாவது வாரத்தில் தொடங்கும் மூன்று தவணைகள்; ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா; ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் ஊக்கத் தவணை; பத்து வயதில் ஒன்று, பதினாறில் ஒன்று. அந்தப் பதினாறு வயது ஊசியைப் போட்டுத் தேதி எழுதிவிட்டால் அட்டையில் கட்டங்கள் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை இன்னும் ஐம்பது, அறுபது ஆண்டு வாழப்போகிறது. அந்த ஆண்டுகளுக்கு அட்டையில் இடமில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில்தான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றேன். குழந்தைத் தடுப்பூசியில் எங்கள் ஊர்கள் சாதித்ததைக் கண்ணால் பார்த்தவள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. தடுத்திருக்கக்கூடிய நோய்களில் பெரியவர்கள் விழுவதையும் அதே வீடுகளில்தான் பார்த்தேன். குழந்தையின் அட்டையைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பும்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வியும் இருக்காது. அவர் பெயரை எழுத ஒரு பக்கமும் இருக்காது.

எங்கள் பக்கத்தில் அறுபது வயதான ஓர் ஆணின் சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தால் மேல்கையில் வட்டத் தழும்பு தெரியும். சிறுவயதில் அம்மை குத்திய இடம். கொரோனா ஊசி வரும்வரை, பெரும்பாலும் அவர் வாழ்நாளில் முறையாகப் பெற்ற தடுப்பு மருந்து அது ஒன்றுதான். குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் 1978இல்தான் தொடங்கியது. அது படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் போகத் தொடங்கியது 1985க்குப் பிறகு. அதற்கு முன் பிறந்த பெண்களுக்காவது பின்னால் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கருவுற்றபோதெல்லாம் டெட்டனஸ் ஊசி போட்டோம். மூன்று பிள்ளை பெற்றவளுக்கு அந்த நோயிலிருந்து நல்ல பாதுகாப்பு உண்டு. தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்துகொண்டிருந்த ஜன்னியும் அப்படித்தான் ஒழிந்தது. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதென்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. அவள் கணவரை மட்டும் யாரும் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லை. மண்வெட்டி பிடிப்பவர் அவர், மாட்டுக் கொட்டிலைக் கூட்டுபவர் அவர், முள் வெட்டப் போகிறவர் அவர். டெட்டனஸ் கிருமியின் விதைகள் இருப்பது மண்ணிலும் சாணத்திலும்.

சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் ஒருவருக்கு இது வந்து நான் பார்த்தேன். ஐம்பதைக் கடந்தவர். காலில் முள் குத்தி ஒடிந்துவிட்டது. வழக்கம்போல ஊக்கால் நோண்டி, எருக்கம்பால் வைத்து, மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். புண் ஆறியும்விட்டது. ஒரு வாரத்துக்கு மேல் ஆனபின் அவர் மனைவி வந்து, "நர்சம்மா, கஞ்சி குடிக்க மாட்டேங்குறாக. வாய் பூட்டிக்கிட்டாப்ல இருக்குங்குறாக. பல்லுவலியா இருக்குமோ?" என்றார். நான் போனபோது அந்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல்கூட நுழையாது. தாடையின் இரு பக்கமும் தொட்டுப் பார்த்தேன்; தசை மரக்கட்டையாக இறுகியிருந்தது. புருவம் மேலேறி, உதட்டோரங்கள் இழுத்துக்கொண்டு, பார்ப்பவருக்குச் சிரிப்பது போலத் தோன்றும் முகம். வயிற்றில் கை வைத்தால் பலகை. எங்கள் படிப்பில் இதை எழுதிவைத்திருந்த பாடம் அத்தனையும் எதிரில் இருந்தது. 108ஐக் கூப்பிட்டேன். வண்டிக் கதவை ஓங்கிச் சாத்திய ஓசைக்கே அவர் முதுகு வில்லாக வளைந்தது. நினைவு தவறவில்லை; ஒவ்வோர் இழுப்பையும் முழு நினைவோடு அனுபவித்தார். அதுதான் இந்த நோயின் கொடுமை.

புண் மூடிக்கொண்டு, உள்ளே காற்றில்லாத இடம் கிடைத்தால் அந்த விதைகள் முளைக்கும். முளைத்துப் பெருகும் கிருமி ஒரு நஞ்சைக் கக்கும். நஞ்சு நரம்பு வழியே ஏறித் தண்டுவடத்துக்குப் போகும். தசைகளை 'போதும், தளர்ந்துகொள்' என்று அடக்கும் நரம்புக் கட்டளையை அது முடக்கிவிடும். அதனால்தான் இறுகிய தசை இறுகியபடியே நிற்கிறது. நரம்பில் ஒட்டிக்கொண்ட நஞ்சை எந்த மருந்தும் பிரித்தெடுக்காது. இருட்டறையில், ஓசையில்லாமல், மூச்சுக்குக் கழுத்தில் குழாய் வைத்து, வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அவர் பிழைத்தார். அந்த ஆண்டு கரிமூட்டமே போடவில்லை, இருந்த ஆடுகளையும் விற்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவருக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று நான் சொன்னபோது மகனுக்கு நம்பிக்கை வரவில்லை. "அதான் வந்துட்டுப் போயிருச்சே, இனி எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது. டெட்டனஸ் அப்படியில்லை. ஆளைக் கொல்லும் நஞ்சின் அளவு மிகச் சிறியது. உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்புச் சக்தி உண்டாக்க அந்த அளவு போதாது. பிழைத்தவருக்கும் ஊசிதான் பாதுகாப்பு.

ஊசி என்றால் எங்கள் ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று செப்டிக் ஊசி என்கிற டெட்டனஸ் ஊசி. இரும்பு கிழித்தால், ஆணி குத்தினால், வண்டியில் விழுந்தால் ஓடிவந்து போட்டுக்கொள்வார்கள். 'ஆறு மாசத்துக்குத் தாங்கும்' என்று ஊரே நம்புகிறது. யார் சொல்லி இந்தக் கணக்கு பரவியதென்று கண்டுபிடிக்க முடியவில்லை. மருந்துக் கடைகளிலும் இதையே சொல்கிறார்கள். இதனால் இரண்டு கேடு. முன்பே முழுத் தவணை போட்டவர் ஒவ்வொரு கீறலுக்கும் தேவையின்றிக் குத்திக்கொள்கிறார். ஒருபோதும் முழுத் தவணை போடாதவரோ, அடிபட்ட அன்று ஒன்றைப் போட்டுவிட்டுத் தனக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்கிறார். வாழ்க்கையில் முதல்முறை போடும் ஒற்றை ஊசி அன்றைய காயத்துக்கு உதவாது. உடம்பு பழகிக்கொள்ள வாரங்கள் வேண்டும். அதனால்தான் அப்படிப்பட்டவரின் அழுக்குக் காயத்துக்கு டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பு மருந்தும் சேர்த்துப் போட வேண்டியிருக்கிறது.

முறை இதுதான். இதுவரை போட்டதே இல்லை, அல்லது போட்டது நினைவில்லை என்றால் மூன்று தவணை: இன்றைக்கு ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று, அதிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒன்று. பிறகு பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஊக்க ஊசி. இடையில் மண்ணோ சாணமோ பட்ட ஆழமான காயம் வந்து, கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் அப்போது ஒன்று. இப்போது போடுவது பழைய டி.டி. மட்டும் அல்ல, 2019 முதல் அரசுத் திட்டத்தில் டெட்டனஸோடு தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்த ஊசி வருகிறது. தொண்டை அடைப்பான் ஒழிந்துவிட்டதாக நினைத்திருந்தோம். 2016இல் கேரளத்தின் மலப்புரத்தில் அது பரவியபோது கைக்குழந்தைகளைவிடப் பள்ளி, கல்லூரி வயதினர் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். சிறுவயதில் போட்ட ஊசியின் பலம் வயதேற ஏறக் குறையும் என்பதை அங்கே எல்லாரும் பார்த்தார்கள்.

எங்கள் மாவட்டத்தில் இதைப் பேசத் தை மாதம் நல்ல மாதம். ஜல்லிக்கட்டு அதிகம் நடக்கும் மாவட்டம் புதுக்கோட்டை. ஆண்டின் முதல் வாடிவாசலே பெரும்பாலும் தச்சங்குறிச்சியில்தான் திறக்கும். விடியற்காலையில் மாடுபிடி வீரர்களை வரிசையில் நிற்கவைத்து எடை, இரத்த அழுத்தம் பார்க்கும் மருத்துவக் குழுவில் நானும் போயிருக்கிறேன். காளையைப் பழக்கும்போது மண்மேட்டைக் குத்திக் கிளறவிடுவார்கள். மண் குத்துகிற காளைதான் களத்தில் நின்று விளையாடும் என்பார்கள். அந்தக் கொம்பு தொடையில் இறங்கினால் மண்ணும் சேர்ந்தே இறங்குகிறது. அந்தப் பையன்களிடம் கடைசி ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், "பத்தாம்ப்பு படிக்கயில பள்ளிக்கூடத்துல போட்டாக" என்பார்கள். இருபத்தெட்டு, முப்பது வயதுப் பிள்ளைகள் அவர்கள். உடம்பைப் பேணுவதில் அவர்களைப் போல அக்கறையுள்ளவர்களைப் பார்க்க முடியாது. நாட்டுக்கோழி முட்டையும் ஓட்டமும் நீச்சலும் தவறாது. இந்த ஒரு ஊசியை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தடுப்பூசியில் சந்தேகம் கொள்பவர்களுக்கு நான் வாதம் செய்வதைவிடக் குப்பியைக் கையில் கொடுத்துக் காட்டுவதுண்டு. குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். உள்ளே இருக்கும் சதுரம் வெளுத்திருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. வெப்பம் படப்பட அது கருத்துக்கொண்டே வரும். வெளிவட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக்கூடாது. வெயிலில் கெடுவது மக்களுக்குப் புரிகிறது. குளிரிலும் கெடும் என்றால் வியப்படைகிறார்கள். டெட்டனஸ் மருந்து உறைந்துவிட்டால் அவ்வளவுதான். உருகியபின் குலுக்கி வைத்தால் திரிந்த பால்போலத் துகள்கள் பிரிந்து அடியில் இறங்கும். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைத்துக் காப்பதற்காகத்தான், காலையில் பனிக்கட்டி அட்டைகளை எடுத்தவுடன் பெட்டியில் அடுக்காமல் வெளியே பரப்பி வைப்போம். மேலே வேர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பும் ஓசை கேட்டபிறகுதான் நான்கு அட்டைகளையும் பெட்டியின் நான்கு பக்கமும் வைத்து நடுவில் குப்பிகளை வைப்போம். மேலத்தெருக் கிழவி ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இம்புட்டுப் பக்குவமா கொண்டாறியா தாயி?" என்று கையை நீட்டினார். அவருடைய பயம் ஊசியின் மேல் இல்லை, மருந்து கெட்டுப்போனதாக இருக்குமோ என்பதில்தான் இருந்திருக்கிறது. பயம் எதன் மேல் என்று கேட்காமல் பதில் சொல்லிப் பயனில்லை என்பது நான் நெடுங்காலம் கண்ட உண்மை.

பெரியவர்கள் எல்லாரையும் ஊசிக்கு அழைக்கும் காலம் ஒன்று வந்தது. 2021 ஜனவரி 16 அன்று எங்களைப் போன்ற சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொடங்கி, மார்ச்சில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு, மே மாதத்தில் பதினெட்டு வயதானவர்களுக்கு என்று கொரோனா தடுப்பூசி வந்தது. என் பணிக்காலத்தில் முதல்முறையாக ஓர் ஆணிடம் ஊசிக்காகப் பெயர் கேட்டு எழுதினேன். தொடக்கத்தில் கூட்டம் இல்லை. ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார், மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். அவருடைய இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய ஆய்வுக்குழு பின்னால் ஆராய்ந்து சொன்னது. அந்த அறிக்கை வருவதற்குள் எங்கள் முகாம்களில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நல்ல மனிதர், மக்கள் நேசித்தவர். அந்தத் துக்கத்தோடு வந்த பயத்தை வெறும் வதந்தி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டோம். கொரோனா ஊசிகளில் ஒன்றுக்கு அரிதாக இரத்தக்கட்டு வரும் பக்கவிளைவு உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னேன். நோயில் அதைவிடப் பல மடங்கு ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொன்னேன். உண்மையை முழுதாகச் சொன்ன வீடுகளில்தான் கதவு திறந்தது.

இரண்டாம் அலை எல்லாவற்றையும் மாற்றியது. செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, மாநிலமெங்கும் நாற்பதாயிரம் இடங்களில் முதல் பெருமுகாம் நடந்தது. எங்களுக்குக் கோயில் மண்டபம், ரேஷன் கடை, நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரை, எல்லாமே முகாம்தான். ஊசி போட்டால் கறி சாப்பிடக்கூடாது, மது குடிக்கக்கூடாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருந்ததால் ஞாயிறு வர மறுத்தார்கள். அதற்காக அரசு முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியதும் நடந்தது. கறிக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் மக்கள் வழியில் நாள் மாற்றிய அந்த முடிவை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எண்பது வயது அப்பத்தா முதல் லாரி ஓட்டுநர் வரை ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழ், அடுத்த தவணைக்கு ஒரு தேதி, மறந்தால் கைப்பேசியில் ஒரு செய்தி. பெரியவர்களுக்குத் தடுப்பூசி போட முடியாது, வரமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த நாங்களே அதைச் செய்து காட்டினோம். அந்தப் பெயர்ப்பட்டியல் அப்படியே இருந்திருந்தால் அடுத்த ஊசியையும் அதிலேயே எழுதியிருக்கலாம். கொரோனா தணிந்ததும் பட்டியலும் அடங்கிப்போனது. இந்த ஒன்றில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

நாய்க்கடிக்கு வருபவர்கள் வேறு வகை. அவர்களை அழைக்கத் தேவையில்லை, தாமாக ஓடிவருவார்கள். ஆனால் முடிக்கமாட்டார்கள். வயதானவர்களுக்கு இன்னும் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இருக்கிறது. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்தில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்து 2004இன் முடிவோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் நான்கு நாள்தான்: கடித்த நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். முதல் மூன்றுக்கும் வருகிறார்கள். 28ஆம் நாளுக்குள் புண் ஆறி, அறுவடையோ கல்யாணமோ குறுக்கே வந்துவிடுகிறது. நானே தொலைபேசியில் கூப்பிடுவேன். "நாய் நல்லாத்தான் இருக்கு நர்சம்மா" என்பார்கள். நாய் நன்றாக இருப்பது நல்ல செய்திதான். இருந்தாலும் அந்தக் கடைசி ஊசியை விடக்கூடாது. வெறிநோயின் அறிகுறி ஒருமுறை தோன்றிவிட்டால் காப்பாற்ற மருந்தில்லை. கடித்த உடனே குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள் என்பதை நான் ஒவ்வொரு மகளிர் குழுக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். இரத்தம் வந்த கடிக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடக் கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2021 ஆகஸ்ட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வந்தபின் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அது பெரிய காரியம். எந்தத் தெருவில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு அழுத்தம் என்று இப்போது ஒவ்வோர் ஊரிலும் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள்தான் ஐப்பசி அடைமழையில் சளிக்காய்ச்சல் வந்து நுரையீரலில் இறங்கி மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குப் போகிறவர்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழையோடுதான் இன்ஃபுளுவென்சா ஏறும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஆகவே ஆவணி, புரட்டாசிக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வைரஸ் உருவை மாற்றிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை மருந்தின் சேர்மானத்தைத் திருத்திச் சொல்கிறது. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டியிருக்கிறது. போன வருடம் போட்டேனே என்றால் போதாது. இதோடு நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி. குழந்தைகளுக்கு அது 2021 முதல் அரசே இலவசமாகப் போடுகிறது. அறுபத்தைந்தைக் கடந்த தாத்தாவும் ஆத்தாவும் அதே கிருமியால்தான் சாகிறார்கள். அவர்கள் தனியாரிடம் சில ஆயிரம் கொடுக்க வேண்டும். கொடுக்கக்கூடியவர்கள் தாராளமாகக் கொடுங்கள் என்பேன். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு இரத்த அழுத்தக் கருவி வாங்கிவருகிறார்கள். அவரைக் கூட்டிப்போய் இந்த இரண்டு ஊசியையும் போட்டுவிட்டால் அதைவிட நல்லது.

அக்கியைப் பற்றியும் கேட்பார்கள். எங்கள் ஊரில் அக்கி வந்தால் வேளாரிடம் போய்க் காவி மண்ணால் எழுதிக்கொள்வார்கள். இரண்டு மூன்று வாரத்தில் கொப்புளம் தானாக வற்றிவிடும் என்பதால் எழுதியதால் ஆறியது என்று நினைக்கிறார்கள். வற்றியபிறகு வருவதுதான் வேதனை. விலாவில் அக்கி வந்த ஓர் ஆத்தா ஒரு வருடத்துக்கும் மேல் ரவிக்கை போட முடியாமல் இருந்தார். துணி பட்டாலே தீ வைத்தாற்போல் எரிகிறது என்பார். சிறுவயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பு வேரில் அப்படியே தங்கி, முதுமையிலோ சர்க்கரையிலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது எழுந்து வருவது இது. கொப்புளம் தெரிந்த மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போனால் மாத்திரை பலன் தரும். வேளாரிடம் எழுதிக்கொள்வதை நான் தடுத்ததில்லை. இரண்டுக்கும் போங்கள், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். வராமல் தடுக்க ஐம்பது வயதானவர்களுக்கு இரண்டு தவணை ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. ஒரு தவணையே பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். அந்த ஆத்தாவால் கனவிலும் முடியாத தொகை. விலை இறங்க வேண்டும் என்று நான் விரும்புகிற ஊசிகளில் இது முதலாவது.

மருத்துவமனைகளில் குப்பை அள்ளுகிறவர்களுக்கு மஞ்சள் காமாலை 'பி' ஊசியை மூன்று தவணையும் போட்டு முடிப்பது அவசியம். இன்றைக்கு ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. நாங்கள் குத்திய ஊசி பைக்குள் இருந்து அவர்கள் விரலில் குத்துகிறது. ஒப்பந்தத்தில் வந்து ஆறு மாதத்துக்குள் இடம் மாற்றப்படுகிறவர்கள் என்பதால் மூன்றாவது தவணை பெரும்பாலும் விட்டுப்போகிறது. எங்கே மாற்றினாலும் அந்தத் தேதியை எழுதிக் கையில் கொடுத்தனுப்புவது வேலை கொடுப்பவரின் கடமை. எனக்கு இதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

சர்க்கரை, அழுத்த நோயாளிகளின் அந்த மாத்திரைப் பட்டியலில் பெயருக்கு நேராக இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும்: டெட்டனஸ் கடைசியாகப் போட்டது எப்போது, சளிக்காய்ச்சல் ஊசி இந்த ஆண்டு போட்டாயிற்றா. இதைக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், எழுதியும் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை நானே ஒரு நோட்டில் எழுதிவந்தேன். இரத்த அழுத்த மாத்திரைக்கு வரும் ஆண்களிடம், "அய்யா, செப்டிக் ஊசி மொத்தமா மூணு போட்டிருக்கீங்களா?" என்று கேட்பேன். மருத்துவ அலுவலரிடம் சொல்லி அங்கேயே முதல் தவணையைப் போட்டு, அடுத்த இரண்டு தேதியையும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் எழுதிவிடுவேன். கை இரண்டு நாள் வலிக்கும், வேலைக்குப் போகலாம் என்றும் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் வலியைக் கண்டு அடுத்ததற்கு வரமாட்டார்கள்.

ஓய்வு பெற்றபிறகு, பக்கத்து ஊர் மாடுபிடிக் குழுவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் பேசினார். குழுவில் ஒருவனுக்குத் தொடையில் கொம்பு ஏறி மருத்துவமனையில் தையல் போட்டிருக்கிறார்கள். பழைய அட்டை எங்கே என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. "எல்லாருமா வந்தா போடுவாகளா அக்கா?" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அட்டை இல்லாதவர்களுக்கு முதலிலிருந்து மூன்று தவணை. தையில் முதலாவது, மாசியில் இரண்டாவது முடிந்தது. மூன்றாவது ஆவணியில் வரும். அடுத்த வாடிவாசல் திறப்பதற்கு முன் எல்லாருக்கும் முடிந்துவிடும். இருவர் இதற்கிடையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டு, அங்கேயே மருத்துவரிடம் காட்டி மூன்றாவதைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.